சொல்லாமை

அந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள், தம்பி. முழங்காலில் இடிக்கிறது. என்ன அது, உள்ளே நீளமாக? கம்பியா. சரி, கட்டட வேலையாக இருக்கும். கூட வைத்திருக்கிற சாக்கும் ஈரமாக இருக்கிறதே. பரவாயில்லை, எடுக்க வேண்டாம். என் சேலை பழையதுதான். எத்தனையோ மழை பார்த்தது.

நீங்கள் அணைக்கு டிக்கெட் வாங்கினீர்கள், காதில் விழுந்தது. நான் அதற்கு முந்தின ஊர், ஆலத்துக்கோம்பை. அதுவரைக்கும் நீங்களும் நானும் பக்கத்துப் பக்கத்தில்தான். பேசாமல் உட்கார்ந்திருந்தால் வழி நீளும்.

என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறீர்களா? சிரிக்கலாம். இந்த பஸ்ஸில் எல்லாரும் சிரித்து ஓய்ந்தவர்கள்தான். கல்லூரியில் தமிழ் நடத்தி நடத்தி நாக்கு இப்படி நிமிர்ந்துவிட்டது, இனிமேல் வளையாது. டீச்சரம்மா என்பார்கள். டீச்சர் இல்லை, விரிவுரையாளர் என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். அதற்கு இந்தக் கண்டக்டர் மாசிலாமணி என்ன சொன்னான் தெரியுமா? "விரிவா உரையாடறவங்கன்னு எங்களுக்கும் தெரியுதுங் டீச்சரம்மா, பஸ்ஸு பூராக் கேக்குதே" என்றான். அன்றிலிருந்து திருத்துவதை விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, தம்பி. வீட்டில் சொல்ல ஆள் இல்லை. இருக்கிற ஆளைப் பற்றித்தான் குறையே. என் அண்ணன் மகள். இளவேனில் என்று பெயர், நான் வைத்த பெயர். என் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். என்னிடம் பேசுவதில்லை. அதாவது, பேசுகிறாள். சாப்பிட்டீங்களா அத்தை, மாத்திரை போட்டீங்களா அத்தை. ஆனால் பேசுவதில்லை. வித்தியாசம் புரிகிறதா உங்களுக்கு?

ஆற்றில் ஆமை தேடுகிறாள். அதுதான் அவள் படிப்பு, வேலை, எல்லாம்.

ஆமை என்றதும் முகம் சுளிப்பீர்கள் என்று பார்த்தேன். சுளிக்கவில்லை. நல்லது. இங்கே எல்லாரும் சுளிப்பார்கள். வாசற்படி ஏறிவிட்டால் குடும்பம் விளங்காது என்று பயப்படுகிற ஜனங்கள். அவள் முதல் தடவை வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் கேட்டாள்: "கல்யாணம் காச்சி பண்ற வயசுல இந்தப் பொண்ணு போயும் போயும் அதையா தேடுது?" அது என்றாள். வாயால் சொல்லவில்லை.

இது குளத்து ஆமை இல்லை, தம்பி. ஓடு கல் மாதிரி இருக்காது. தோல். நனைந்த செருப்புத் தோல் மாதிரி மெத்தென்று இருக்குமாம். முறத்தளவு வளருமாம். மணலைப் போர்த்திக்கொண்டு அடியில் படுத்திருக்கும். மூச்சு வேண்டுமென்றால் மூக்கை மட்டும் மேலே நீட்டும். மூக்கு ஒரு சின்னக் குழாய். குட்டியாக இருக்கும்போது முதுகில் மயிலிறகுக் கண் போல வட்டம் வட்டமாக இருக்குமாம், வளர வளர அழிந்துவிடுமாம். நம் தென்னாட்டு ஆறுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்கிறாள். இங்கேயும் பிடித்துப் பிடித்துத் தீர்த்தாயிற்று. கறிக்கு, மருந்துக்கு, வேறு எதற்கெல்லாமோ.

விலையா? அது எனக்குத் தெரியாது, தம்பி. நிறையக் கிடைக்கும் என்று மட்டும் கேள்வி.

இருங்கள், வரிசையாகச் சொல்ல விடுங்கள். இடையில் புகுந்தால் எனக்கு நூல் அறுந்துவிடும்.

இளவேனில் சின்னவளாக இருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஆமை விளையாட்டு. அந்தச் சொல்லில் முடிகிறதாக ஒன்று நான் சொல்வேன், ஒன்று அவள் சொல்ல வேண்டும். கல்லாமை என்பேன். இல்லாமை என்பாள். பொறாமை என்பேன். தள்ளாமை, அத்தை, உங்களுக்கு வந்துடுச்சு என்பாள். அறியாமை, கொல்லாமை, நில்லாமை. தமிழில் இல்லாததற்கெல்லாம் ஆமைதான் வால் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் எனக்கு வாய் அடைத்துப்போய் நின்றபோது அவள் சொல்லாமை என்று சொல்லி ஜெயித்தாள். அரைப்பாவாடை கட்டிக்கொண்டு குதித்தாள். அதனால்தான் ஆமை பிடித்துக்கொண்டதோ என்னவோ அவளை.

ஆமையைத் தேடி அவள் இங்கே வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கோடையில். கல்லுமடைத் துறையில் மாதையன் என்று ஒரு பரிசல்காரன் இருந்தான், மீன் பிடிக்கிறவன். அவனை வைத்துக்கொண்டு ஆறு பூராவும் சுற்றினாள். எல்லாரிடமும் ஆமை எங்கே ஆமை எங்கே என்று கேட்பாள், எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மாதையன்தான் ஒரு நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மிணி, தொறையில நின்னுக்கிட்டு அந்தப் பேரச் சொல்லாதீங்க. சொன்னா வலை காஞ்சுதான் வரும். நாங்க கண்ணாத்தான்னு சொல்லுவமுங்க" என்றானாம்.

கண்ணாத்தா. முதுகில் கண் இருக்கிறதல்லவா, அதனால். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எவ்வளவு அழகான சொல்! ஒரு அகராதியிலும் கிடையாது.

கண்ணாத்தாளும் கிடைத்தாள். கல்லுமடைக்கு மேற்கே மணல்திட்டில் தண்ணீர் இறங்கியதும் ஏறி வந்து பள்ளம் பறித்துப் பறித்துப் பார்க்கிறாள், முட்டை வைக்கப் போகிறாள் என்று ஒரு நாள் மத்தியானம் இளவேனில் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் ஆற்று வாடை. "அத்தை, யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ்வளவுதான். போன்ல பேசினாக்கூடக் கண்ணாத்தான்னே பேசணும்" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் செய்தேன். அந்தப் பெயர் தவிர வேறு பெயர் என் வாயில் வரவில்லை, தம்பி. இன்றைக்கும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

இந்த பஸ்ஸில்தான் பேசுவேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேசினால்தான் பேசின மாதிரி இருக்கும். "கண்ணாத்தாளுக்கு நாள் நெருங்கிவிட்டதா? பழைய இடத்தில்தானே? நீ பக்கத்திலேயே இரு கண்ணு, அவளைப் பயமுறுத்தாதே" என்பேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். முன் சீட்டுப் பூக்காரி, "யாருங் டீச்சரம்மா, தலைப்பிரசவமுங்களா? எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். ஆஸ்பத்திரி இல்லை, வீட்டில்தான் என்றேன். "இந்தக் காலத்துல வூட்லயா! உங்களுக்கெல்லாம் தைரியந்தானுங்" என்று திட்டிவிட்டு, மறுநாள் ஒரு பொட்டலத்தில் கருப்பட்டியும் பூண்டும் கட்டிக்கொண்டுவந்து பெத்ததும் கொடுங்கள் என்று மடியில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? அந்தக் கருப்பட்டியில்தான் அன்றைக்குக் காப்பி போட்டோம். இளவேனில் சிரித்துச் சிரித்துப் புரையேறி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

ஜன்னலைச் சாத்தட்டுமா? புழுதி வருகிறது. வேண்டாமா. சரி.

அந்த வாரத்தில் எனக்கு இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, இதே இடத்தில் ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். நறுவிசாகச் சட்டை போட்ட பையன். நான் போனை வைத்ததும், "ஏனுங்கம்மா, கண்ணாத்தாங்கறது உங்க மகளுங்களா?" என்றான். இல்லை என்றேன். "மருமகளுங்களா?" இல்லை. "அப்புறம் யாருங்க?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரும் இல்லை தம்பி, அது ஒரு குழூஉக்குறி" என்றேன்.

அவன் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும். "ஐயோ, அது எங்க பரீட்சையில வருமுங்க. சர்க்கார் வேலைக்குப் படிக்கறேன். எனக்கு மங்கலமும் குழூஉக்குறியும் எப்பவும் குழம்பிக்குமுங்க" என்றான்.

நீங்களே சொல்லுங்கள், வாழ்நாள் பூராவும் அதைத்தானே நடத்தினேன். அமங்கலமானதை மங்கலமாகச் சொன்னால் மங்கலம். செத்தார் என்காமல் துஞ்சினார் என்பது. ஒரு கூட்டத்தார் பிறருக்குப் புரியாமல் தமக்குள் ஒரு பெயர் வைத்துக்கொண்டால் குழூஉக்குறி. பொன்னைத் தட்டார்கள் பறி என்பது. வேடர்கள் கள்ளைச் சொல்விளம்பி என்பது. விளக்கினேன். அவன் முகம் மறுபடி வாடிவிட்டது. "இதெல்லாம் புஸ்தகத்துல இருக்கறதுங்கம்மா, மனசுல நிக்க மாட்டேங்குது. இப்ப ஜனங்க பேசறதுல ஒண்ணு சொல்லுங்க" என்றான். மூளைக்காரப் பையன். எடுத்துக்காட்டு எதற்கு என்று தெரிந்தவன்.

அப்போதுதான் எனக்கே அது விளங்கியது. ஒரே சொல், ஆற்றங்கரையில் மங்கலம், எங்கள் வீட்டில் குழூஉக்குறி! எந்த இலக்கண ஆசிரியனுக்கும் இப்படி ஒரு எடுத்துக்காட்டு கிடைத்திருக்காது. சொன்னேன். பெயரைச் சொல்லாமல், முதுகில் கண் உள்ளவள், மணலில் முட்டை வைக்கிறவள் என்று மட்டும். அவன் வாய்விட்டு ஆகா என்றான். "எந்தப் பக்கமுங்க இப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டான். வட்டார வழக்கு என்றால் வட்டாரம் சொல்ல வேண்டாமா? கல்லுமடைத் துறையில் என்றேன். "இப்பவும் வழங்குதுங்களா, இல்ல அழிஞ்ச வழக்குங்களா?" என்றான். அழிந்த வழக்கா! எனக்குக் கோபமே வந்துவிட்டது. "உயிரோடு இருக்கிறது தம்பி. துறைக்கு மேற்கே மணல்திட்டில், இந்த வாரம் கூட" என்றேன்.

"அப்ப நேர்லயே போய்க் கேட்டுக்கறேனுங்கம்மா" என்று சொல்லிக் கல்லுமடையில் இறங்கினான். களப்பணி! என் மாணவர்களில் ஒருத்தர்கூட அப்படி ஒரு சொல்லுக்காக வெயிலில் இறங்கி நடந்ததில்லை. இறங்குமுன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பரீட்சை முடிவு வந்ததும் சொல்கிறேன் என்றான். சொல்லவில்லை. தேறினானோ என்னவோ.

சரி, அது கிடக்கட்டும். எங்கே விட்டேன்?

ஆம். அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. இளவேனில் விடியக்காலையில் திட்டுக்குப் போனவள் உடனே திரும்பி வந்துவிட்டாள். வாசலில் நின்றாள். முழங்கை வரைக்கும் மணல். நேரே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். நான் போய்க் குழாயை மூடினேன்.

திட்டு பூராவும் கம்பியால் குத்தியிருந்ததாம். சாணுக்கு ஒரு ஓட்டை. மணலுக்குள் படுத்திருப்பதை அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். குத்திக்கொண்டே போவது, கம்பி மெத்தென்று எதிலாவது பட்டால் நிறுத்துவது. முட்டைக் குழி திறந்து கிடந்தது. இழுத்துக்கொண்டு போன தடம் ஒன்று தண்ணீர் ஓரம் வரைக்கும். அவ்வளவுதான். கண்ணாத்தா இல்லை.

"அத்தை, யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

என்னைக் கேட்டாள், தம்பி! பெற்றவள் போல வளர்த்த என்னை! "நான் எதற்கடி சொல்லப் போகிறேன்? அந்தப் பெயரைக்கூட நான் உச்சரித்தது கிடையாதே" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியாதா? ஊருக்கே தெரியும். மாதையன் குடிப்பான். சாயங்காலமானால் கடைக்குப் போவான். கள்ளுக்கு வேடர்கள் சொல்விளம்பி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? உள்ளே போனால் போதும், இருக்கிற சொல்லையெல்லாம் வெளியே கொட்டிவிடும். விசாரிக்க வந்த வனத்துறைக்காரர்களிடம் அதைத்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்ததை நான் சொல்ல வேண்டாமா? படித்தவள் சொன்னால் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா. கேட்டுக்கொண்டார்கள்.

அவன் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு. "டீச்சரம்மா, பேரச் சொன்னா வலை காயும்னு பொறந்ததுலயிருந்து வாயக் கட்டினவன் நானு. குடிப்பனுங்க. இல்லைன்னு சொல்லலைங்க. குடிச்சா அழுவேன். பேச மாட்டனுங்க" என்றான். நானும் பொறுமையாகத்தான் சொன்னேன், குடித்தவனுக்குத் தான் பேசினது நினைவிருக்காது அப்பா என்று. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஆற்றில் இறங்கக் கூடாது என்று அவனைத் தடுத்துவிட்டார்கள். திருப்பூர்ப் பக்கம் மூட்டை தூக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பரிசல் துறையிலேயே கிடக்கிறது, கவிழ்த்தபடி. பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியும். இப்போதுதான் தாண்டினோம், நீங்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் கரையேறின பெரிய கண்ணாத்தா ஒருத்தி வெயிலில் படுத்திருக்கிற மாதிரியே இருக்கும். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்றுதான் நினைப்பேன். பார்த்துவிடுகிறேன்.

அவன் பெண்சாதி செவந்தி ஒரு நாள் சந்தையில் என்னை நிறுத்தினாள். நடுச் சந்தையில், அத்தனை பேருக்கு முன்னால். "ஏனுங் டீச்சரம்மா, அத்தன வருசம் புள்ளைங்களுக்கு வாயத் தொறக்கச் சொல்லிக் குடுத்தீங்களே, மூடறதுக்கு ஒரு பாடமும் இல்லீங்களா உங்க காலேசுல?" என்றாள். தக்காளி விற்றவள் சிரித்தாள். புருஷன் போன துக்கம், யார்மேலோ இருக்கிற கோபத்தை என்மேல் காட்டுகிறாள் என்று நானும் பேசாமல் வந்துவிட்டேன்.

பூக்காரி விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேனே. அடுத்த தடவை பஸ் ஏறியதும் அவள், "கண்ணாத்தாளுக்கு ஆயிடுச்சுங்களா? என்ன கொழந்தை?" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "தவறிவிட்டாள்" என்றேன். மங்கலம்தான் வாயில் வந்தது, பாருங்கள். பூக்கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டாள். "கொழந்தை?" என்றாள். குழந்தைகளும்தான் என்றேன். குழந்தைகளா என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பின் சீட்டிலிருந்து எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள், பெயர்கூடத் தெரியாத பெண்கள். எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், தம்பி. அவர்களுக்குப் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இளவேனில் போய்விட்டாள். போன வருஷம் வரவேயில்லை. இந்தக் கோடையில் திடீரென்று பெட்டியோடு வந்து நின்றாள். எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! ஆனால் வந்தவள் வேறு ஒருத்தி. போன் வந்தால் எழுந்து வாசலுக்கு வெளியே போய்விடுகிறாள். ஆற்றுக்கு ஏன் கண்ணு தினமும் போகிறாய், இன்னொருத்தி கிடைத்துவிட்டாளா என்று கேட்டால், "சும்மா அத்தை" என்கிறாள். பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். "சம்பந்தி வீட்டுக்குப் போறேன்", "சம்பந்தியம்மா இன்னும் கரைக்கு வரல" என்று போனில் பேசுகிறாள். கல்யாணமே ஆகாத பெண்ணுக்குச் சம்பந்தி ஏது? எனக்குத் தெரியாதா? ஆனாலும் தெரியாதது போலவே இருந்தேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "நான் என்ன அந்நியமா? என்னிடம் சொன்னால் என்ன?" என்று. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்தபடியே, "அத்தை, எனக்கு எல்லா ஆமையும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் உங்களுக்கு வராது" என்றாள். எது என்று கேட்டேன்.  கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள். நானும் அன்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன், எது என்று பிடிபடவில்லை.

ஆற்றங்கரையில் இருக்கும்போது நான் கூப்பிட்டால் போனை எடுப்பதும் கிடையாது. மற்றவர்கள் கூப்பிட்டால் எடுக்கிறாள், நான் கூப்பிட்டால்தான். இதுதான் என் குறை, தம்பி. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை. சொல்லத் தகுந்தவள் என்று நினைக்கிறாளா இல்லையா, அதற்காகத்தான் கேட்கிறேன்.

ஆனால் என்னை யார் என்று நினைத்தாள்? அவள் சொல்லாவிட்டால் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதா?

அவள் செருப்பைப் பார்த்தேன். கல்லுமடை மணல் வெள்ளை. இது கறுப்பு வண்டல், நடுவில் கிளிஞ்சல் தூள். இந்த ஆற்றில் கிளிஞ்சல் ஒதுங்குகிற இடம் ஒன்றுதான், ஆறு வளைகிற இடம். அப்புறம் இந்த மாசிலாமணி வேறு ஒரு நாள், "உங்க பொண்ணு என்னங் டீச்சரம்மா தினமும் பம்பு ரூமுல இறங்குது, அங்க பேய்கூட இறங்காதே" என்று கேட்டான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். ஆராய்ச்சி என்றால் அதுதானே?

சரிபார்க்க வேண்டாமா? போனேன். போன வாரம் அவளுக்குத் தெரியாமல் நானும் பம்பு ரூமில் இறங்கினேன். அது பழைய காலத்துத் தண்ணீர் இறைக்கிற கட்டடம், கூரையே இல்லை, சுவர் மட்டும் நிற்கிறது. அங்கிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை. ஒரு வேலமரம் வரும், அதற்கு இடது பக்கம் திரும்பினால் நாணல் மேடு. மேட்டுக்கு அந்தப் புறம் சரிவில் மணல். மெதுவாகத்தான் நடந்தேன், என் முழங்கால் அப்படி. நாணலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

உட்கார்ந்திருந்தாள். குடையைக் கூடப் பிடிக்காமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தனியாக. மாதையன் இருந்திருந்தால் துணைக்கு ஒரு ஆள். இப்போது யாரும் கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் போலிருக்கிறது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். அப்போது தண்ணீர்மேல் ஒரு சின்னக் குழாய் தெரிந்தது. ஒரு மூச்சு. ஒரு சிறு சுழி. மறைந்துவிட்டது.

அதைத்தான் பார்த்தேன், தம்பி. வேறொன்றும் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் படித்த எந்தப் பாட்டும் எனக்குள் அப்படி இறங்கியதில்லை. ஒரு இனம் முழுக்க அந்த ஒரு மூச்சில் நிற்கிறது என்றால் எப்படி இருக்கும்? நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவளும் பிடித்துக்கொண்டிருந்தாள், அவள் முதுகு அசையவில்லை.

சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான். நேற்று அவளே அவளுடைய தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், "இவளும் போயிட்டா ஆறு முடிஞ்சது. நானும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று. வாசலுக்கு வெளியே நின்றுதான் சொன்னாள். ஜன்னலில் காதை ஒட்டி வைத்துத்தான் கேட்டேன். இந்தப் பக்கம் என்றால் என் வீடும்தானே? எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

முட்டையா? ஆம், இன்றோ நாளையோ வைத்துவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். இளவேனில் இன்றைக்குக் காலையில் இட்லியைக் கூடத் தொடாமல் ஓடினாள்.

இவ்வளவு நேரம் அதிகம் குறுக்கே பேசாமல் கேட்டீர்களே. இந்தக் காலத்தில் அப்படி யார் கேட்கிறார்கள்? உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

என்ன, பஸ் நிற்கிறது? பம்பு ரூமா? இங்கே யார் இறங்க?

தம்பி, நீங்களா? உங்களுக்கு அணையல்லவா, இன்னும் நிறைய தூரம் இருக்கிறதே. என்ன? சொந்தக்காரர்கள் வீடா? இங்கேயா? இங்கே வீடே கிடையாதே, தம்பி. நான்தான் சொன்னேனே, கூரைகூட இல்லை என்று. பையைப் பார்த்து எடுங்கள், கம்பி இடிக்கிறது. தம்பி! உங்கள் சொந்தக்காரர் பெயர் என்ன?

மாசிலாமணி, விசிலை ஊதாதே. கொஞ்சம் பொறு. அந்தத் தம்பி தவறான இடத்தில் இறங்கிவிட்டார். கூப்பிடு. வழி தெரியாமல் அலையப் போகிறார்.

"வழி தெரியாமயா? நீங்களே பாருங் டீச்சரம்மா, மாமியார் வூட்டுக்குப் போறாப்புல போறான்."

ஆமாம். நேராகத்தான் போகிறார். யாரையும் கேட்கவில்லை. கேட்க அங்கே ஆள் ஏது? வேலமரம் வந்துவிட்டது. இடது பக்கம். சரியாக இடது பக்கம் திரும்புகிறார்.

என் போன் எங்கே? இந்தப் பைக்குள்தான் வைத்தேன். இதோ. கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன், பெயர் தெரியவில்லை. இல்லை, ஒன்றுமில்லை மாசிலாமணி, இளவேனிலுக்குத்தான். ஒருவர் வருகிறார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று. நல்ல பிள்ளைதான். பொறுமையாகக் கேட்டார். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது.

மணி அடிக்கிறது.

நீ ஊதாதே அப்பா, இந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்காது. மணி அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நான்தான் கூப்பிடுகிறேன் என்று அவளுக்குத் தெரியும், பெயர் விழுமே அதில். கொஞ்சம் பொறு. எடுப்பாள்.